கனமான ஸ்டவுட், கட்டுப்படியான விலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஹரோ, லண்டன்): ஆசிரியருக்கு வணக்கம். சென்ற குளிர்காலத்தில் வேலைத்தல நண்பர் ஒருவரின் வீட்டில் இம்பீரியல் ஸ்டவுட் என்னும் கரிய பியரை முதன்முதலாகக் குடித்தேன். கோப்பியும் கறுப்புச் சொக்லேட்டும் கலந்தது போன்ற மணமும், விழுங்கிய பின்னும் நாக்கில் நிற்கும் தடிப்பும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. ஆனால், தேடிப்போனால் கடைகளில் ஒரு டின் ஏழு, எட்டுப் பவுண் என்கிறார்கள். விலை குறைந்தவற்றை வாங்கிப் பார்த்தேன். நிறம் கறுப்பாகத்தான் இருக்கிறது, வாயிலோ தண்ணீராக ஓடுகிறது. குடும்பச் செலவைப் பார்த்து வாழ்கிறவர்கள் வாங்கக்கூடிய விலையில், அந்தத் தடிப்போடு கிடைப்பவை உண்டா?

பதில்: உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க முதலில் அந்தத் தடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும், அந்த ஏழு எட்டுப் பவுண் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இவ்விரண்டுக்கும் இடையே நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு கிடையாது.

நிறத்தை நம்பவே கூடாது. கறுப்பு நிறத்தைத் தருவது கருக வறுத்த வாற்கோதுமை. மொத்தத் தானியத்தில் அது சிறு பங்குதான், 4 சதவீதச் சாராயம் உள்ள மெல்லிய பியரையும் அது மை போலக் கறுக்கச் செய்துவிடும். நுரையையும் நம்பக் கூடாது. நைட்ரஜன் அடைத்த கின்னஸ் டின்னைத் திறந்தால் பாலாடை போல நுரை எழும். அதன் கீழே இருப்பது மிக இலேசான பியர். வாயில் நிறையும் கனம் வருவது, சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் தின்று முடித்த பிறகும் பியரில் மிஞ்சி நிற்கும் பொருள்களிலிருந்துதான். மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும்போது, வெப்பம் 62 முதல் 65 பாகை வரை இருந்தால் மாச்சத்து பெரும்பாலும் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக உடையும், பியர் மெலிந்து உலர்ந்து போகும். 68 பாகையை ஒட்டி ஊறவைத்தால், ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட சங்கிலிகள் கூடுதலாக மிஞ்சும். இவற்றுக்கு இனிப்பு அதிகமில்லை, ஆனால் கனம் உண்டு. ஓட்ஸ் சேர்த்தால் அதிலுள்ள பசைத்தன்மை மேலும் வழவழப்பைத் தரும்.

இதை எண்ணால் சொல்வதானால், தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், சாதாரண ஐரிஷ் ஸ்டவுட் நொதித்து முடியும்போது 1.007க்கும் 1.011க்கும் இடையில் நிற்கும். இம்பீரியல் ஸ்டவுட் 1.018க்கும் 1.030க்கும் இடையில் நிற்கும். உங்கள் நாக்கு உணர்ந்த வேறுபாடு இதுதான். ஆகவே 10 சதவீதம், 12 சதவீதம் என்று சாராய அளவை மட்டும் துரத்துவதில் பயனில்லை. 11 சதவீதமாக இருந்தும், ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டதால் தொண்டை எரிச்சலை மட்டுமே விட்டுச்செல்பவை இருக்கின்றன; 7 சதவீதத்தில் நல்ல தடிப்போடு இருப்பவையும் இருக்கின்றன.

இனி விலை. பிரித்தானியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மதுவரி சாராய அளவைப் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. அன்று நடைமுறைக்கு வந்த விகிதத்தின்படி, 3.5 சதவீதம் முதல் 8.5 சதவீதத்துக்குக் கீழ் வரை உள்ள பியருக்கு ஒரு லீற்றர் தூய சாராயத்துக்கு 21.01 பவுண், 8.5ஐத் தொட்டுவிட்டால் 28.50 பவுண். பின்னர் இந்தத் தொகைகள் ஏறினாலும் வரி கூடும் அந்த 8.5 சதவீதக் கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த 2023 விகிதத்தின்படி 330 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றுக்கு, 8.4 சதவீதமானால் வரி 58 பென்ஸ், 9 சதவீதமானால் 85 பென்ஸ். அதோடு, சிறு ஆலைகளுக்கான வரிச்சலுகை 8.5 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றுக்கு மட்டுமே உண்டு. அரைச் சதவீதம் கூடுவதற்கு இவ்வளவு என்றால், விலை பார்த்து வாங்குகிறவர் அந்தக் கோட்டுக்குக் கீழ் நிற்பவற்றை முதலில் பார்ப்பது நல்லது.

ஆனால், உங்களிடம் எட்டுப் பவுண் கேட்ட டின்னுக்கு வரி மட்டும் காரணமாக முடியாது. 440 மில்லிலீற்றர், 12 சதவீதம் என்று கொண்டாலும் அதே விகிதத்தில் வரி ஒன்றரைப் பவுண்தான் வருகிறது. கூடுதலான மால்ட்டும், தொட்டியில் நெடுநாள் கிடக்கும் இடச்செலவும் இன்னொரு பங்கு. இவை நியாயமான செலவுகள், இவற்றைக் குறை சொல்லமாட்டேன். எஞ்சியது விஸ்கிப் பீப்பாய்க்கும், வனிலாவுக்கும், தேங்காய்க்கும், ஒரே தடவை மட்டும் சிறு அளவில் செய்து முடிப்பதற்கும், புதிய ஓவியம் போட்ட டின்னுக்கும் போகிறது. நீங்கள் கேட்ட தடிப்புக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. எனவே ஆண்டு முழுவதும் ஒரே பெயரில், பீப்பாய் இல்லாமல், பழகிய ஆலைகள் செய்யும் ஸ்டவுட்களின் பக்கம் திரும்புங்கள்.

பெயர்களாகச் சொல்வதானால், யோர்க்ஷயரில் டட்காஸ்டர் என்னும் ஊரில் 1758 முதல் இயங்கும் சாமுவேல் ஸ்மித் ஆலையின் இம்பீரியல் ஸ்டவுட்டை முதலில் குடித்துப் பாருங்கள். 7 சதவீதம்தான், ஆனாலும் உலர்ந்த திராட்சையும் வெல்லப்பாகும் நினைவுக்கு வரும் அளவுக்கு நிறைவானது, கசப்பு முந்திக்கொண்டு வராது. டெர்பிஷயரின் தோர்ன்பிரிட்ஜ் ஆலை செய்யும் செயின்ட் பீற்றர்ஸ்பர்க் 7.4 சதவீதம், அது இதைவிட உலர்ந்தது, புகைச்சாயலும் ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பும் கூடியது. சசெக்ஸின் லூயிஸ் நகரில் உள்ள ஹார்வீஸ் ஆலையின் இம்பீரியல் எக்ஸ்ட்ரா டபுள் ஸ்டவுட் 9 சதவீதம். சிறிய 275 மில்லிலீற்றர் போத்தலில் வருவதால் வெளியே எடுக்கும் தொகை குறைவாக இருக்கும். ஆனால் பதனிட்ட தோலின் வாடையும் புளிப்பும் கலந்த அதன் பழமையான சுவை எல்லோருக்கும் பிடிக்காது, ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதை வாங்கினாலும் 100 மில்லிலீற்றருக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். 275, 330, 355, 440, 500 என்று அளவுகள் பலவாறாக இருப்பதால் அடுக்கில் தெரியும் விலை கண்ணை ஏமாற்றும்.

இவற்றைவிட மலிவாக ஒரு வழியும் இருக்கிறது. லண்டனில் எந்தப் பகுதியில் இருந்தாலும் அருகில் ஒரு போலந்துக் கடை இருக்கும். அங்கே பால்டிக் போர்ட்டர் என்ற வகையைக் கேளுங்கள்; போர்ட்டர் என்பது ஸ்டவுட்டுக்கு உறவான கரிய பியர். இங்கிலாந்திலிருந்து பால்டிக் கடலோரத்துக்குப் போன ஸ்டவுட்டைப் பார்த்து, அங்குள்ளவர்கள் தங்கள் குளிர்ந்த நிலவறைகளில், குளிரில் நொதிக்கும் லாகர் ஈஸ்ட்டைக் கொண்டு செய்யத் தொடங்கியது அது. இம்பீரியல் ஸ்டவுட்டில் உள்ள கருகல் காரம் இதில் குறைவு. கனமும் மால்ட் இனிப்பும் அப்படியே இருக்கும். ஷிவியெட்ஸ் போர்ட்டர் 9.5 சதவீதம், அரை லீற்றர் போத்தல். போலந்தில் இது அன்றாடக் கடைச்சரக்கு, ஆகவே கைவினைப் பியருக்குரிய விலையை அதற்கு யாரும் கேட்பதில்லை. என் கருத்தில் இந்த நகரத்தில் கொடுத்த காசுக்கு மிக அதிகமான கனம் கிடைப்பது இதில்தான்.

கடையில் நிற்கும்போது ஒட்டுச்சீட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். சேர்பொருள்கள் எல்லாவற்றையும் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் மதுவுக்கு இல்லை. ஆனால் ஒவ்வாமை தரக்கூடியவற்றை அச்சிட்டே ஆக வேண்டும். ஓட்ஸ் என்றோ கோதுமை என்றோ கண்டால் வழவழப்புக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பால் என்று கண்டால் லாக்டோஸ் சேர்த்திருக்கிறார்கள். அதை பியர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது என்பதால் கனம் கிடைக்கும், கூடவே இனிப்பும் வரும். பாற்சர்க்கரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் பலர் இருப்பதால், இதைக் கட்டாயம் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): நம் இலங்கையின் லயன் ஸ்டவுட்டை ஒன்டாரியோவில் பார்த்ததும் மகிழ்ச்சியோடு வாங்கினேன். என் மருமகன், பியரைப் பற்றி நிறையப் படிப்பவர், இது உண்மையான இம்பீரியல் ஸ்டவுட் இல்லை என்கிறார். அவர் சொல்வது சரியா? இங்கே வேறு எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மருமகன் படித்ததைத்தான் சொல்கிறார். பி.ஜே.சி.பி. எனப்படும் பியர் நடுவர்களின் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், வெப்பமண்டல ஸ்டவுட் என்று ஒரு தனி வகை வகுக்கப்பட்டு, ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டுடனும் சிங்கப்பூரின் ஏ.பி.சி. ஸ்டவுட்டுடனும் லயனும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால், அந்த வகைக்கு அவர்கள் வைத்த மேல் எல்லை 8 சதவீதம், லயனோ 8.8 சதவீதம். இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு அவர்கள் வைத்த எல்லை 8 முதல் 12 வரை. எனவே வலிமையில் அது இம்பீரியல் வகைக்குள் வந்துவிடுகிறது. கசப்புக் குறைவாகவும் பழ இனிப்புக் கூடுதலாகவும் இருப்பதால்தான் வேறு பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. குடிப்பவருக்கு இந்தப் பெட்டிகள் எதற்கு? உங்களுக்கு வேண்டியது கனம் என்றால் லயனில் அது தாராளமாக இருக்கிறது.

இந்த ஸ்டவுட்டைப் பற்றி நம்மவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் நுவரெலியாவின் குளிருக்குக் கொண்டுவந்த தொழில் இது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மலையில் தொடங்கிய ஆலை, 1990களின் இறுதியில்தான் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கியது. மால்ட்டையும் ஹாப்ஸையும் வெளியிலிருந்து தருவிக்க வேண்டிய ஒரு தீவில் இப்படி ஒன்று தொடர்ந்து செய்யப்பட்டது. உலகெங்கும் பியரைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன், பாடகரின் பெயரையே கொண்ட அவர், 1942 முதல் 2007 வரை வாழ்ந்தவர், இதைத் தேடிப்போய்க் குடித்துப் பாராட்டி எழுதிய பிறகுதான் வெளிநாட்டு ஆர்வலர்கள் இதன் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று இதைத் தேடி வாங்குகிறவர்கள், இதைவிட விலை கூடிய போத்தல்களோடு ஒப்பிட்டுத்தான் வாங்குகிறார்கள். ஊரில் 625 மில்லிலீற்றர் பெரிய போத்தலைக் குளிர்பெட்டியில் உறையவைத்து, அவசரமாகக் குடித்து முடிக்கும் பழக்கத்தில், அதில் உள்ள சொக்லேட் மணமும் கருப்பட்டிச் சாயலும் நமக்குத் தெரியாமலே போய்விட்டன.

உங்கள் மாகாணத்தில் எல்.சி.பி.ஓ. என்னும் அரசு மதுக்கடைகளில் ஒரு பொருளுக்கு எங்கும் ஒரே விலைதான், ஆகவே கடை மாறி அலைவதில் பயனில்லை. எதைத் தெரிவு செய்கிறோம் என்பதில்தான் சேமிப்பு. குவெல்ஃப் நகரின் வெலிங்டன் ஆலை செய்யும் இம்பீரியல் ரஷ்யன் ஸ்டவுட் 8 சதவீதம். அது 473 மில்லிலீற்றர் டின்னில் வருவதால் அளவுக்கு விலை கட்டுப்படியாகும், ஆனால் தடிப்பில் லயனுக்குச் சற்றுப் பின்னேதான் நிற்கும். விசேட நாளுக்கு என்றால், மொன்றியலின் டியூ டு சியெல் ஆலை கோப்பி சேர்த்துச் செய்யும் பெஷே மோர்ட்டெல், 9.5 சதவீதம், கொடுத்த காசுக்கு ஒரு துளியும் குறை வைக்காது.

கேள்வி (நியூ ஜெர்சி, அமெரிக்கா): பூர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் பல மாதம் வைத்த ஸ்டவுட்தான் உயர்ந்தது என்று கடைக்காரர் வற்புறுத்துகிறார். கனத்துக்கு அது அவசியமா?

பதில்: அவசியம் இல்லை. பீப்பாய் தருவது வனிலா, தேங்காய், கருகிய மரம், விஸ்கி ஆகியவற்றின் மணம். மரத்தில் கிடக்கும் மாதங்களில் தடிப்பு கூடிவிடுவதில்லை. பீப்பாய்க்கு அனுப்பும் ஸ்டவுட்டை ஆலைகள் முதலிலேயே மிகக் கனமாகச் செய்வதால், அந்தப் பெருமை மரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் இருக்கும் நாடு இந்த வகையில் கொடுத்துவைத்த நாடு. கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் என்ற கடலோர ஊரில் நோர்த் கோஸ்ட் ஆலை செய்யும் ஓல்ட் ரஸ்புட்டின், 9 சதவீதம், ஆண்டு முழுவதும் நான்கு போத்தல் கட்டாகக் கிடைக்கிறது. ஹாப்ஸ் கசப்பு நன்றாகவே உண்டு. அதைத் தாங்கும் அளவுக்கு மால்ட்டும் உண்டு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. கொலராடோவின் கிரேட் டிவைட் ஆலையின் யெட்டி என்னும் ஸ்டவுட் 9.5 சதவீதம், இன்னும் கருகலானது. அதே மாநிலத்தில் பிறந்த ஒஸ்கர் புளூஸ் ஆலையின் டென் ஃபிடி 10.5 சதவீதம், டின்னில் வருவது. கனம் ஒன்றுதான் வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த மூன்றில் இதையே சொல்வேன். பீப்பாய்ப் போத்தல் ஒன்றின் விலையில் பல ஊர்களில் ரஸ்புட்டின் கட்டு ஒன்றை வாங்கிவிடலாம்.

கேள்வி (ஒஸ்லோ, நோர்வே): இங்கே எல்லாமே விலை. எங்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: 4.7 சதவீதத்துக்கு மேற்பட்ட பியரை வின்மொனொபோலெட் என்னும் அரசு மதுக்கடையில் மட்டுமே வாங்க முடிகிற நாட்டில் மலிவு என்ற சொல்லுக்கு எல்லை குறுகியதுதான். பின்லாந்தின் சினெபிரிகொஃப் போர்ட்டர் அங்கே கிடைக்கும்போது வாங்குங்கள். 7.2 சதவீதம், பெயர் போர்ட்டர் என்றாலும் சுவையும் கனமும் இம்பீரியல் ஸ்டவுட்டின் வீட்டைச் சேர்ந்தவை. எல்லை தாண்டி சுவீடனுக்குப் போகிறவர்கள் 1836 முதல் செய்யப்பட்டுவரும் கார்னெகி போர்ட்டரைப் பார்க்கலாம்; 5.5 சதவீதம் மட்டுமே என்பதால் இதை மாற்றாகச் சொல்லமாட்டேன், வார நாளுக்குப் போதும். உள்நாட்டில் கிரிம்ஸ்டாட் நகரின் நொக்னே ஓ ஆலை செய்யும் இம்பீரியல் ஸ்டவுட் 9 சதவீதம், மிகச் சிறப்பானது. ஒரு போத்தலை இருவராகப் பகிர்ந்தால் அந்த விலையும் தாங்கக்கூடியதாகிவிடும்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், லண்டன்): ரஷ்யாவுக்குப் போகும் வழியில் உறையாமல் இருக்கத்தான் இந்த ஸ்டவுட்டை இவ்வளவு வலிமையாகச் செய்தார்கள் என்று ஓர் ஒட்டுச்சீட்டில் படித்தேன். உண்மையா?

பதில்: நம்பத் தகுந்ததாக இல்லை. சாதாரண வலிமை கொண்ட போர்ட்டரும் அதே கடல்வழியே பால்டிக் துறைமுகங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. கடல் உறைந்த மாதங்களில் கப்பலே ஓடவில்லை. நெடுநாள் கெடாமல் இருப்பதும், அங்குள்ள செல்வந்தர்கள் கனமானதையே விரும்பிக் கேட்டதும்தான் காரணம் என்று கொள்வது பொருந்தும். 1796இல் ஜோசப் ஃபரிங்டன் என்ற ஓவியர், லண்டனின் சதக் பகுதியில் இருந்த திரேல் ஆலையின் போர்ட்டரைக் குடித்ததாகவும், அது ரஷ்யப் பேரரசிக்கென்று தனியாகச் செய்யப்பட்டது, ஏழு ஆண்டு கெடாது என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஆலை அதற்கு முன்பே 1781இல் பார்க்ளே, பெர்கின்ஸ் என்பவர்களின் கைக்கு மாறியிருந்தது. அவர்களுடைய ஸ்டவுட்டை லெ கொக் என்ற வணிக நிறுவனம் ரஷ்யாவுக்கு ஏற்றுமதி செய்து, 1912இல் இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து நகரில் சொந்த ஆலையிலேயே செய்யத் தொடங்கியது. லண்டன் வழியில் வந்த ஸ்டவுட் பின்னாளில் கரேஜ் ஆலையின் பெயரில் தொடர்ந்து, 1993இல் நின்றுபோய், 2011இல் வேறொரு ஆலையால் மீண்டும் செய்யப்பட்டது. மேலே நான் சொன்ன ஹார்வீஸ் ஸ்டவுட், லெ கொக்கின் பெயரால் 1999இல் புதுப்பிக்கப்பட்டதுதான். உங்கள் ஊரிலிருந்து சில மைல் தூரத்தில் பிறந்த ஒரு பானத்தின் சுவையை நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சிறு போத்தலே போதும்.

கேள்வி (ஹரோ, லண்டன்): எப்படிக் குடிக்க வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, 12 அல்லது 13 பாகை அளவில், வாய் குறுகிய சிறு குவளையில் ஊற்றுங்கள். அதிகக் குளிரில் மணம் அடங்கிவிடும், கசப்பு மட்டும் முன்னே நிற்கும். நீங்கள் மெலிந்தவை என்று ஒதுக்கிய சிலவற்றுக்கும் இது காரணமாக இருந்திருக்கலாம். உடன் தொதலோ வட்டிலப்பமோ இருந்தால் இந்த ஸ்டவுட்டுக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. வறுத்த தூள் போட்டுப் பிரட்டிய இறைச்சிக்கறியும் நன்றாகச் சேரும். 330 மில்லிலீற்றர், 9 சதவீதம் என்றால் ஒரே போத்தலில் ஏறத்தாழ 3 அலகு சாராயம் இருக்கிறது; ஓர் அலகு என்பது 10 மில்லிலீற்றர் தூய சாராயம். பிரித்தானிய மருத்துவ ஆலோசனை வாரம் முழுவதற்கும் 14 அலகைத் தாண்டவேண்டாம் என்கிறது. அதனால் இருவருக்கு ஒரு போத்தல் என்பது சிக்கனத்துக்கும் உடம்புக்கும் பொருந்தும் அளவு.

வைத்திருப்பதைப் பொறுத்தவரை, போத்தலின் அடியில் ஈஸ்ட் வண்டல் உள்ளவையும் 9 சதவீதத்தை ஒட்டியவையும் இருட்டான, குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தால் சில ஆண்டுகள் முதிரும். கருகல் தணிந்து உலர்பழச் சாயல் கூடும். வடிகட்டி அடைத்தவற்றையும், கோப்பி சேர்த்தவற்றையும் அப்படி வைக்க வேண்டாம், கோப்பி மணம் முதலில் போய்விடும். ஆறு போத்தல் வாங்கினால் நான்கை இந்தக் குளிர்காலத்திலேயே குடித்துவிட்டு, இரண்டில் மட்டும் வாங்கிய தேதியை எழுதி வைத்து, அடுத்த குளிர்காலத்தில் ஒன்றைத் திறந்து பாருங்கள்.